ஒரு குப்பி, இரண்டு எண்கள்: ஆய்வகத்தில் இன்டர்லியூக்கின்-2

இன்டர்லியூக்கின்-2 என்பது நோயெதிர்ப்புச் செல்களைப் பெருகத் தூண்டும் புரதம். ஆய்வுப் பயன்பாட்டுக்கென விற்கப்படும் மறுசேர்க்கை (அதாவது, மரபணுவை வேறோர் உயிரியில் செலுத்தித் தயாரித்த) மனித இன்டர்லியூக்கின்-2 குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் காலியாகவே தெரியும். உறைய வைத்து உலர்த்திய சில மைக்ரோகிராம் புரதம் சுவரிலோ மூடியிலோ மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும் என்பதால், திறப்பதற்கு முன் குப்பியை மையவிலக்கியில் சற்றே சுழற்றி எடுப்பார்கள். அதன் லேபிளில் எடையோடு செயல்திறன் அலகு என்ற இன்னொரு எண்ணும் உண்டு. எடை தெரிந்த பிறகு அலகு எதற்கு என்பதைப் புரிந்துகொண்டால், இப்புரதத்தின் கதையில் பாதி விளங்கிவிடும்.

1976இல் மார்கன், ருஸ்செட்டி, காலோ ஆகிய மூன்று ஆராய்ச்சியாளர்கள், தூண்டப்பட்ட வெள்ளையணுக்களை வளர்த்தெடுத்த ஊடகத்தில் உள்ள ஏதோ ஒரு பொருள், மனித எலும்பு மஜ்ஜையிலிருந்து டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களை மட்டும் நீண்டகாலம் பெருக வைப்பதைக் கண்டனர். அதுவரை டி செல்களை உடலுக்கு வெளியே தொடர்ந்து வளர்ப்பது இயலாத செயலாகவே இருந்தது. டி செல் வளர்ச்சிக் காரணி என்று அழைக்கப்பட்ட அப்பொருளே பின்னர் இன்டர்லியூக்கின்-2 ஆயிற்று. செல்கள் அதை மிகச் சொற்பமாகவே சுரப்பதால், 1983இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் தானிகுச்சியின் குழு அதன் மரபணுவைப் பிரித்தெடுத்த பிறகுதான் தாராளமாகத் தயாரிக்க வழி பிறந்தது.

அந்த மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தினால், அது 133 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலியை ஏராளமாக உருவாக்கும். ஆனால் சங்கிலி உருவானதாலேயே புரதம் உருவாகிவிடாது. பாக்டீரியாவுக்குள் அது சரியாக மடியாமல் திரண்டு, கரையாத கட்டிகளாகத் தங்கிவிடுகிறது. இக்கட்டிகளைக் குவானிடின் போன்ற வேதிப்பொருளில் கரைத்து, சங்கிலியை முழுவதும் அவிழ்த்து, பிறகு அப்பொருளின் செறிவைக் குறைத்து மறுபடி மடிய விட வேண்டும். தயாரிப்பில் மிக நுட்பமான கட்டம் இதுவே என்பது என் கருத்து.

காரணம், இச்சங்கிலியில் 58, 105, 125 ஆகிய மூன்று இடங்களில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் இருக்கிறது. கந்தகம் தாங்கிய இவற்றில் 58உம் 105உம் கைகோத்தால்தான் நான்கு சுருள்கள் கொண்ட சரியான வடிவம் நிலைபெறும். தனித்து நிற்கும் 125 இடையில் புகுந்து இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாலோ, அடுத்த மூலக்கூறின் சிஸ்டீனோடு இணைந்துவிட்டாலோ, எடையில் குறையாத, ஆனால் வேலை செய்யாத புரதமே மிஞ்சும். அதனால் பல தயாரிப்புகளில் 125ஆம் இடத்துச் சிஸ்டீனை நீக்கி, கந்தகமில்லாத செரினை வைத்திருக்கிறார்கள். ஒரு மூலக்கூறுக்குள் தவறான இணைப்பு ஏற்படவே இடமில்லாமல் செய்த இந்த மாற்றத்தால் புரதத்தின் செயல்திறன் கெடுவதில்லை.

சரியாக மடிந்ததா என்பதைத் தராசு சொல்லாது. செல்தான் சொல்ல வேண்டும். சிடிஎல்எல்-2 என்ற எலி டி செல் வரிசை இன்டர்லியூக்கின்-2 இல்லாமல் பிழைக்காது. மனிதப் புரதத்தையும் அது ஏற்றுக்கொள்ளும். 96 குழிகள் கொண்ட தட்டில் இச்செல்களை இட்டு, புரதத்தைப் படிப்படியாக நீர்த்துச் சேர்த்து, ஓரிரு நாள்களுக்குப் பின் எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தைக் கலப்பார்கள். உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக மாற்றும். அடர் ஊதாவில் தொடங்கும் வரிசை குழிக்குக் குழி வெளுத்து, கடைசியில் மஞ்சளாகவே நின்றுவிடும். எந்தச் செறிவில் நிறம் பாதியாகிறது என்பதைச் சர்வதேசத் தரமாதிரியோடு ஒப்பிட்டு அலகைக் கணக்கிடுகிறார்கள். மருந்தாகப் பயன்படும் வடிவத்தில் 1.1 மில்லிகிராம் புரதம் 1.8 கோடி சர்வதேச அலகுகளுக்குச் சமம்.

இவ்வளவு சிறிய அளவே போதுமானதாக இருப்பதற்குக் காரணம் செல்லின் மேற்பரப்பிலிருந்து இப்புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி. பீட்டா, காமா என்னும் இரு பகுதிகள் மட்டும் இருந்தால் பிடிப்பு நடுத்தரமானது. ஆல்ஃபா என்னும் மூன்றாம் பகுதியும் சேர்ந்தால் பிடிப்பு ஏறத்தாழ நூறு மடங்கு வலுக்கிறது. ஓய்விலிருக்கும் சாதாரண டி செல்லில் ஆல்ஃபா அரிது. எதிரியை அடையாளம் கண்ட பிறகே மிகுதியாகத் தோன்றும். மாறாக, நோயெதிர்ப்பை அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களில் அது எப்போதும் மிகுந்திருக்கும். ஆகவே கலவையான செல்களில் குறைந்த அளவு புரதத்தை ஊற்றினால் அதை முதலில் கவர்ந்துகொள்பவை பெரும்பாலும் இந்த அடக்கிகளே. சோதனைக் குறிப்பில் மைக்ரோகிராமை மட்டும் எழுதி அலகை விட்டுவிடுபவர், வேறொரு தயாரிப்புக்கு மாறும்போது முடிவு ஏன் மாறியது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கரைத்த பிறகும் இதே கவனம் தேவை. மிக நீர்த்த கரைசலில் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டி வீணாவதால், ஆல்புமின் போன்ற துணைப்புரதம் சேர்ப்பது வழக்கம். திரும்பத் திரும்ப உறைய வைத்து உருக்கினால் எடை அப்படியே இருக்கும், அலகு மட்டும் குறையும். எனவே கரைத்த அன்றே ஒருமுறைக்குத் தேவையான அளவுகளாகப் பிரித்து உறைய வைத்துவிடுவார்கள்.