ரவுட்டர்தான் மாறியது, பிரிண்டர் சாகவில்லை

நல்ல நிலையில் இருக்கிற பிரிண்டரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட என் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "போன வாரம் வரைக்கும் நல்லா ஓடுச்சு, திடீர்னு கனெக்ட் ஆக மாட்டேங்குது." போன வாரம் வீட்டில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டால், "ஃபைபர் போட்டோம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறார்கள்.

அதற்கும் இதற்கும்தான் சம்பந்தம். ஃபைபரோடு புது ரவுட்டரும், அதாவது வீட்டுக்கு வைஃபை கொடுக்கிற பெட்டியும், வந்துவிடுகிறது.

கடைசியாக வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இங்க் டேங்க் பிரிண்டரை ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் சாய்த்து வைத்து, பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டிக் கொண்டுவந்திருந்தார். நான்கு டேங்கிலும் கழுத்து வரை மை. மேசையில் இறக்கியபோது அடித்தட்டிலிருந்து மஜெண்டா சொட்டிக்கொண்டிருந்தது, அவர் வேட்டியிலும் ஒரு கோடு. வைஃபை வேலை பிறகு அவர் வீட்டுக்குப் போனபோது சில நிமிடத்தில் முடிந்தது. உள்ளே ஓடின மையைத் துடைக்க அன்றைய மதியமே போய்விட்டது. தயவுசெய்து டேங்க் பிரிண்டரைச் சாய்த்துத் தூக்காதீர்கள். பழைய மாடல் சிலவற்றில் டேங்க் ஓரம் மையை அடைக்கிற திருகு இருக்கும், தூக்குவதற்கு முன் அதை மூடுங்கள். வைஃபை பிரச்சினைக்கு மிஷினைக் கடைக்குக் கொண்டுவந்தும் பிரயோஜனம் இல்லை, உங்கள் ரவுட்டர் உங்கள் வீட்டில் அல்லவா இருக்கிறது.

என் பொறுமையை அதிகம் சோதிக்கிற வசனம் இது: "யூடியூப் நல்லா ஓடுது சார், பிரிண்டருக்குத்தான் நெட் வரல." பிரிண்டருக்கு நெட்டே வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், வேண்டாம். வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. லேப்டாப்பில் பிரிண்ட் கொடுத்தால் அந்த ஃபைல் ரவுட்டருக்குப் போகிறது, ரவுட்டர் அதைப் பிரிண்டருக்குத் தள்ளிவிடுகிறது. அவ்வளவுதான். வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. தெருவில் ஜேசிபி ஃபைபர் ஒயரை அறுத்தாலும், மாதச் சந்தா கட்டாமல் லைனை நிறுத்திவிட்டாலும், ரவுட்டருக்குக் கரண்ட் இருந்தால் பிரிண்ட் வரும். 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கினால் பிரிண்ட் வேகமாக வருமா என்று கேட்கிறார்கள். வராது. மெயில் அனுப்பி பிரிண்ட் எடுக்கிற வசதிக்கும், எச்பி ப்ளஸ் மாதிரி எப்போதும் நெட்டில் இருக்கச் சொல்கிற கம்பெனித் திட்டத்தில் சேர்ந்த மிஷின்களுக்கும் மட்டும் இன்டர்நெட் வேண்டும். மற்றபடி நெட் ஓடுகிறதா என்று ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பார்த்து எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்ப வேண்டாம்.

பிரிண்டர் ஞாபகம் வைத்திருப்பது பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும். புது ரவுட்டர் புதுப் பெயரோடு வந்திருக்கிறது. உங்கள் போனில் புது பாஸ்வேர்டை நீங்களே அடித்தீர்கள், டிவியில் பையன் அடித்தான். பிரிண்டருக்கு யார் சொன்னது? அது இல்லாத பெயரைத் தேடி லைட்டை மினுக்கிக்கொண்டே இருக்கிறது.

இன்னும் லைன் மாற்றாதவர்கள் இதைக் கவனியுங்கள். புது ரவுட்டர் மாட்ட வருகிற தம்பியிடம், "பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையுமே போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் இருக்கிற இடைவெளி எல்லாம் அச்சு அசலாக அப்படியே இருக்க வேண்டும். பாதுகாப்பு வகையும் பழையபடி டபிள்யூபிஏ2 ஆக இருந்தால், பிரிண்டரும் டிவியும் வாசல் கேமராவும் யாரும் தொடாமலே ஒட்டிக்கொள்ளும். அவர் கிளம்பிப் போனபின் எனக்குப் போன் போட்டால் அரை நாள் வேலை. பழைய பாஸ்வேர்டு 12345678 என்றால் மட்டும் இந்த யோசனை வேண்டாம், சிரமப்பட்டாவது மாற்றித் தொலையுங்கள்.

ஏற்கெனவே பெயர் மாறிவிட்டதா? திரை உள்ள பிரிண்டரில் வயர்லெஸ் செட்டப் போய்ப் புதுப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. திரை இல்லாததற்கு அந்தந்தக் கம்பெனி ஆப். பழைய இணைப்பை மறக்கச் செய்ய வேண்டும். பல எச்பி மாடல்களில் வயர்லெஸ் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் லைட் மினுக்க ஆரம்பிக்கும், அதிலிருந்து 2 மணி நேரம் புது இணைப்புக்குக் காத்திருக்கும். ஆப் லொகேஷனும் புளூடூத்தும் கேட்டால் கொடுங்கள். கொடுக்காமல் "பிரிண்டரைக் காட்டவே இல்லை" என்று சொல்லாதீர்கள். பாஸ்வேர்டு அடிக்காமலே இணைக்கிற டபிள்யூபிஎஸ் பட்டன் ரவுட்டர், பிரிண்டர் இரண்டிலும் இருந்தால் ஒன்றை அழுத்தி 2 நிமிடத்துக்குள் மற்றதை அழுத்துங்கள். ரவுட்டர் புதிய பாதுகாப்பு வகையான டபிள்யூபிஏ3யில் மட்டும் இருந்தால் அந்தப் பட்டன் வேலைக்கு ஆகாது. பழைய பிரிண்டர்கள் பலவற்றுக்கு டபிள்யூபிஏ3 தெரியவே தெரியாது, ரவுட்டரை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த வகைக்கு மாற்றுங்கள்.

அடுத்த தொல்லை 5ஜி. இது உங்கள் சிம்மின் 5ஜி அல்ல, ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வீட்டு பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும். பெயரின் முடிவில் 5ஜி என்று இருப்பது அவற்றின் கண்ணுக்கே தெரியாது. சில ரவுட்டர்கள் இரண்டையும் ஒரே பெயரில் கொடுக்கின்றன. செட்டப் நேரத்தில் ஆப் தடுமாறினால் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிட்டு, பிரிண்டரைச் சேர்த்தபின் மறுபடி போடுங்கள். மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பிரிண்டர் என்றால் இன்னொரு வம்பு. அங்கே விற்பதில் பல மாடல்கள் 11ஆம் சேனல் (அலைவரிசைக்குள் இருக்கிற பிரிவு) வரைதான் பார்க்கும், நம் ஊர் ரவுட்டர் 12, 13இலும் போய் உட்காரும். ரவுட்டரில் சேனலை 6 என்று நிறுத்திவையுங்கள்.

லைட் நிலையாக எரிகிறது, லேப்டாப் மட்டும் ஆஃப்லைன் என்கிறதா? ரவுட்டர் மாறினால் ஐபி முகவரிகளும், அதாவது வீட்டுக்குள் ஒவ்வொரு மிஷினுக்கும் இருக்கிற எண்களும், மாறும். முன்பு 192.168.1 என்று ஆரம்பித்தது இப்போது 192.168.29 ஆகியிருக்கலாம். வீடு காலி செய்தவரைப் பழைய வாசலில் நின்று கூப்பிடுகிற கதையாக லேப்டாப் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். பிரிண்டரை லிஸ்டிலிருந்து நீக்கி மறுபடி சேருங்கள். நம் தொழில்காரர்கள் சிலர் முகவரியைக் கையால் நிலையாகப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், அதைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். பிரிண்டரே அச்சடித்துத் தருகிற நெட்வொர்க் ஷீட்டில் முகவரி 169.254 என்று ஆரம்பித்தால், ரவுட்டர் இன்னும் முகவரியே தரவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். சேர்ப்பதற்கு முன்பு, கோபத்தில் திரும்பத் திரும்பக் கொடுத்த பிரிண்டுகளை லேப்டாப்பின் கியூவில் (காத்திருப்பு வரிசை) அழித்துவிடுங்கள். ஆசிரியர் வீட்டில் இணைப்பு வந்த கையோடு பேத்தியின் வருமானச் சான்றிதழ் கலரில் வரிசையாக வந்து விழுந்தது, நிறுத்துவதற்குள் ட்ரே காலி.

பழைய ரவுட்டரைத் தூக்கிப் போட மனம் வராமல் புதியதன் பின்னால் மாட்டி வைத்திருக்கிறவர்களும் உண்டு. பிரிண்டர் பழையதில், போன் புதியதில். இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. எல்லாவற்றையும் ஒன்றில் சேருங்கள், இல்லையென்றால் பழையதை, புதியதன் நெட்வொர்க்கையே நீட்டித் தருகிற ஆக்சஸ் பாயின்ட் ஆக்குங்கள். விருந்தாளிகளுக்கான கெஸ்ட் வைஃபையில் சேர்த்தாலும் இதே கதிதான். தயவுசெய்து ஃபைபர் மோடத்தின் ரீசெட் துளையில் குண்டூசியை விடாதீர்கள். கம்பெனி போட்ட லாகின் விவரம் அழிந்து இருந்த நெட்டும் போய்விடக்கூடும்.

இதையெல்லாம் எழுத வைத்த உண்மையான காரணம் வேறு. அந்த ஆசிரியர் என்னிடம் வருவதற்கு முன்பு, கூகுளில் கஸ்டமர் கேர் என்று தேடி ஒரு நம்பரைப் பிடித்திருக்கிறார். பேசியவன் கம்பெனிக்காரன் போலவே மாடல் நம்பர் கேட்டு, லேப்டாப்பைத் தூரத்திலிருந்து இயக்குகிற ஆப் ஒன்றைப் போடச் சொல்லி, "உங்க நெட்வொர்க்ல வைரஸ் இருக்கு" என்று பணம் கேட்டிருக்கிறான். நல்லவேளை, அவர் வீட்டம்மா போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். டிரைவர் (பிரிண்டரை இயக்குகிற மென்பொருள்) இறக்கித் தருவதாகச் சொல்லி, பாதியில் எர்ரர் காட்டி, சாட்டில் வந்து பேசுகிற போலித் தளங்களும் இதே வகைதான். வைஃபை இணைக்க எந்தப் பிரிண்டர் கம்பெனியும் உங்கள் வங்கி ஓடிபியைக் கேட்காது. நம்பர் வேண்டுமென்றால் பெட்டிக்குள் இருக்கிற புத்தகத்தில் பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள். நேரம் போகப் போகப் பணத்தை மடக்குவது கஷ்டம்.

நாளை காலை ஹால் டிக்கெட் வேண்டும் என்கிற அவசரத்தில் இதெல்லாம் வேண்டாம். பெட்டியோடு வந்த யூஎஸ்பி ஒயரைப் பரணிலிருந்து இறக்கி மாட்டி பிரிண்ட் எடுங்கள், வைஃபையை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். எனக்குப் போன் செய்வதானால் பிரிண்டர் பக்கத்தில் நின்றுகொண்டு செய்யுங்கள். ஆபீஸிலிருந்து கூப்பிட்டு, "லைட் என்ன கலர்ல எரியும்னு நீங்களே சொல்லுங்க" என்றால் நான் என்ன செய்ய?