முடவாட்டுக்கால் சூப் குடியுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்

போன வாரம் வந்த அம்மாவுக்கு வயது 52. இரண்டு கையிலும் விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. மணிக்கட்டைத் தொட்டால் சுட்டது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருக முடியாமல் மகளிடம் நீட்டினார். எட்டு மாதமாக நன்றாக இருந்தவர். என்ன ஆயிற்று என்று கேட்டதும், துணிப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே பழுப்பு முடி மூடிய, ஆட்டுக்கால் போல இருக்கும் முடவாட்டுக்கால் என்ற மலைச்செடியின் துண்டு.

"கொல்லிமலைக்குப் போனப்போ வாங்கினதுங்க டாக்டர். ஒரு மண்டலம் சூப்பு வெச்சுக் குடிச்சா வாதம் போயிரும்னாங்க. அதான் வாரத்துக்கு ஒருநாள் போடற மாத்திரையை நிறுத்திட்டேனுங்க."

அந்த வாரம் ஒருநாள் மாத்திரை மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்காக அவருடைய மூட்டு மருத்துவர் எழுதிக் கொடுத்தது. நான் சித்த மருத்துவம் பார்ப்பவன். அந்த மாத்திரையை நிறுத்துங்கள் என்று ஒரு நோயாளியிடமும் நான் சொன்னதில்லை. இந்த வருஷம் இதே பொட்டலத்தோடு, இதே கதையோடு வந்தவர்களில் இவர் நாலாவது ஆள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் செடிமேல் எனக்குக் கோபம் இல்லை. கல்லூரியில் குணபாடம் (மருந்துச் சரக்குகளின் குணம் பற்றிய பாடம்) படித்த காலத்திலிருந்தே பிடித்த செடி. கிழங்கு என்று சொல்கிறோமே தவிர, இது கிழங்கு இல்லை. பெரணி இனத்தின் தண்டு. பூக்காது, காய்க்காது, விதை கிடையாது. இலையின் அடிப்பக்கம் வரிசையாகப் புள்ளி வைத்தது போல இருக்கும் வித்துப்பைகளிலிருந்து தூள் பறந்துதான் அடுத்த செடி வரவேண்டும். தாவரவியல் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. ஓக் மர இலை போன்ற இலை உடையது என்று பொருள். குவெர்சிஃபோலியா என்ற அந்த ஓக் இலைப் பெயரை லின்னேயஸ் என்ற தாவரவியலாளர் 1753-லேயே வைத்துவிட்டார்.

அந்த ஓக் இலை விஷயம் பார்க்க வேண்டிய ஒன்று. இந்தச் செடிக்கு இரண்டு வகை இலை. நீளமாக, பச்சையாக, கோழி இறகு போலப் பிளந்து நிற்பது ஒன்று. வெயில் காலத்தில் அது உதிர்ந்துவிடும். இன்னொன்று தண்டோடு ஒட்டி, குட்டையாக, சீக்கிரமே பழுப்பாகி, காகிதம் மாதிரி காய்ந்தபின்னும் விழாமல் நிற்பது. ஓக் இலை போல இருப்பது இதுதான். இது செடியின் கூடை. மேலிருந்து விழும் சருகு, தூசி, பூச்சி எச்சம் எல்லாம் அதில் சேர்ந்து மக்கும். கையை விட்டுப் பார்த்தால் கறுப்பு மண் வரும். மரத்தின் கிளையிலும் பாறை முகட்டிலும் மண்ணே இல்லாத இடத்தில், தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்த்துக்கொள்கிறது.

இப்போது தவறான நம்பிக்கைக்கு வருவோம். "பாறையில வளருதுங்க, பாறையோட சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சி வெச்சிருக்கு, அதான் எலும்புக்கு நல்லது." வீடியோவுக்கு வீடியோ இதே வசனம். பாறையில் அதன் வேர் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சாப்பாடு கூடைக்குள் மக்கிய சருகிலிருந்தும் மழைத் தண்ணீரிலிருந்தும் வருகிறது. கொல்லிமலைப் பாறை பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் வகை. சுண்ணாம்புப் பாறையே இல்லை. மரத்தில் வளர்ந்தால் மரத்தின் சாற்றைக் குடிக்கும் என்பதும் தப்பு. புல்லுருவி அப்படிச் செய்யும், அது ஒட்டுண்ணி. இது தொற்றுத்தாவரம், மரத்தில் குடியிருக்கிறது, மரத்தைச் சாப்பிடுவதில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை அந்த உருவம். ஆட்டுக்கால் மாதிரி இருக்கிறது, அதனால் காலுக்கு நல்லது. முடவனையும் நடக்க வைக்கும், அதனால்தான் அந்தப் பெயர். படித்தவர்களும் என்னிடம் இதைச் சொல்கிறார்கள். அன்றைக்கு அந்த அம்மாவின் முன்னாலேயே ஒரு பிளேடை எடுத்து அந்தத் துண்டைச் சுரண்டிக் காட்டினேன். முடி என்று நினைத்தது முடி இல்லை. மெல்லிய பழுப்புச் செதில். மழை இல்லாத மாதங்களில் தண்டு காய்ந்து போகாமல் இருக்கச் செடி போட்டுக்கொண்ட போர்வை. செதில் போனதும் ஆட்டுக்கால் போய்விட்டது. மேஜைமேல் இஞ்சி மாதிரி ஒரு தண்டு கிடந்தது. குறுக்கே வெட்டினால் உள்ளே எலும்பும் இல்லை, மஜ்ஜையும் இல்லை. வெளிர்ந்த சதை, அதில் வட்டமாகப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் நீரும் சத்தும் போகிற குழாய்க் கற்றைகள். ஆட்டுக்கால் சூப்பில் பிசுபிசுப்பாக வருவது கொலாஜன். அது விலங்கின் உடலில் மட்டுமே இருக்கிற புரதம். எந்தச் செடியிலும் கொலாஜன் கிடையாது. சைவ ஆட்டுக்கால் என்று பெயர் வைத்ததால் அது வந்துவிடாது.

சரி, மருந்தே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தத் தண்டிலிருந்து ஃப்ரைடிலின், பீட்டா அமைரின், பீட்டா சிட்டோஸ்டெரால், நாரிங்கின் போன்றவற்றைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். நாரிங்கின் உங்களுக்குப் பழக்கமானதுதான்; பம்பளிமாஸின் கசப்பு அதனால் வருவது. நாம் விழுங்கிய பிறகு குடலில் இருக்கும் பாக்டீரியா அதன் சர்க்கரைப் பகுதியைக் கழற்றி நாரிஞ்செனின் ஆக்குகிறது. ஃப்ரைடிலின் கார்க்கிலும் இருக்கிற மெழுகுத்தன்மையான பொருள்; தண்ணீரில் கரையவே கரையாது. நீங்கள் எத்தனை விசில் விட்டாலும் அது சூப்புக்குள் சரியாக இறங்காது. எலியின் பாதத்தில் வீக்கம் வரவழைத்து, இந்தத் தண்டின் வடிசாறு கொடுத்து, வீக்கம் குறைந்ததைக் காட்டிய ஆய்வுகள் உண்டு. அவை செறிவாக வடித்தெடுத்த சாறு, எலியின் எடைக்கு ஏற்பக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்ட ஒரு டம்ளர் சூப்போடு அதை ஒப்பிட முடியாது.

சீனாவில் இதன் பங்காளிச் செடி ஒன்றை உடைந்த எலும்புக்கான மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே உலர்ந்த சரக்கில் நாரிங்கின் 0.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று மருந்து நூலில் வரையறை இருக்கிறது. நம் ஊரில் சாக்குப் பையில் விற்கும் துண்டில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து விற்பவர் யாரும் இல்லை. சீனாவில் செய்த ஆய்வைக் காட்டி இங்கே பொடி விற்கிறார்களே, அது வேறு செடி என்பதையாவது சொல்ல வேண்டாமா?

எங்கள் நூல்களே மூட்டு வலியை ஒரே நோயாகப் பார்ப்பதில்லை. தேய்மானத்தால் வருவதை அழல் கீல்வாயு என்போம். முடக்குவாதத்தை ஒத்தது உதிரவாத சுரோணிதம். முதலாவதில் முழங்கால் வலிக்குச் சூடாக ஒரு சூப் குடித்து ஆறுதலாக இருந்தால் நல்லது, குடியுங்கள். இரண்டாவதில் உடம்பின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தின்கிறது. மருந்தை நிறுத்தினால் முதல் சில வாரம் ஒன்றும் தெரியாது. அந்த நாட்களில்தான் சூப்புக்குப் பெயர் கிடைக்கிறது. அப்புறம் வீக்கம் திரும்பி வரும். அதற்குள் எலும்பு அரித்துவிட்டால் அலோபதியோ சித்தாவோ அதைப் பழையபடி ஆக்கித் தராது.

காலையில் எழுந்து அரைமணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காமல் இறுகியிருந்தால், இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கினால், முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., முடக்குவாதமா என்று கண்டறிய உதவும் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. இவற்றைப் பார்க்காமல் சூப்பும் வேண்டாம், என் கஷாயமும் வேண்டாம்.

வாங்குவதென்றால் செதிலோடு இருக்கும் முழுத் துண்டாக வாங்குங்கள். பொடியாகவோ சீவியோ வாங்காதீர்கள். அரைத்தபின் என்ன செடி என்று எனக்கே தெரியாது. பெரணி என்றால் எல்லாம் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம், புற்றுநோய் உண்டாக்கும் டாகிலோசைடு உள்ள பெரணியும் நம் மலைகளில் வளர்கிறது. செதிலை ஒன்றுவிடாமல் சுரண்டிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் தொண்டையில் குத்தும். கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் தொடாதீர்கள். "பொடி சாப்பிட்ட மூணே நாள்ல வலி போச்சு" என்றால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். பேர் ஊர் இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். முகம் உப்பி, சர்க்கரை ஏறி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மலைக்குப் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வண்டி நிறைய வாங்கி வராதீர்கள். தண்டின் நுனியில்தான் வளரும் முனை இருக்கிறது. அதோடு சேர்த்துப் பெயர்த்தால் அந்தக் கிளையில் செடி முடிந்தது. சூப்புக்கு ஒரு துண்டு போதும்.

அந்த அம்மாவை அன்றைக்கே அவருடைய மூட்டு மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன். மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருக்கிறார், கூடவே ஃபோலிக் ஆசிட். நேற்று மகள் போன் செய்தார். இடது கையில் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறதாம். வலது மோதிர விரல் இன்னும் நீளவில்லை.

"மிச்சமிருக்கற துண்டை என்ன பண்றதுங்க டாக்டர்?" என்று கேட்டார். சூப் வைத்துக் குடிக்கட்டும், மிளகு கூடப் போடுங்கள், ஆனால் செவ்வாய்க்கிழமை மாத்திரை தவறக்கூடாது என்றேன்.