அரிக்காத தேமல்

தேமலைக் காட்ட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவரிடம் மருத்துவர் முதலில் கேட்பது, "அரிக்குதா?" என்றுதான். அரித்தால் ஒரு வகையில் நிம்மதி. படர்தாமரை அரிக்கும், அதன் விளிம்பு வளையமாகத் தடித்திருக்கும். சாதாரணத் தேமலை நகத்தால் சுரண்டினால் தவிடுபோல் உதிரும். வெண்புள்ளி பால்போல் வெளுத்திருக்கும், ஆனால் தொடுவது நன்றாகத் தெரியும். இவை எதிலும் சேராமல் சற்றே வெளிறியோ சிவந்தோ, வியர்வையின்றி உலர்ந்து, முடி உதிர்ந்து, அரிப்பும் வலியும் இல்லாமல் ஒரு படை இருந்தால், அது தொழுநோயா என்று சோதிக்க வேண்டும்.

அந்தச் சோதனைக்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். சன்னலோரப் பகல் வெளிச்சமும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் போதும். முதலில் கண் திறந்திருக்கும்போதே நல்ல தோலில் பேனா முனையால் தொட்டு, "தொட்ட இடத்தை விரலால் காட்டுங்க" என்று பழக்குவார்கள். அப்புறம் கண்ணை மூடச் சொல்வார்கள். நல்ல தோலில் தொட்டதும் விரல் சரியாக அங்கே போகும். உணர்ச்சி போன படை என்றால், அதன் நடுவில் தொடும்போது கை அசையாது. ஒவ்வொரு முறையும் "தெரியுதா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால், தொடுகிறார்கள் என்று ஊகித்து "ஆமாம்" என்று சொல்லிவிடுவார்கள்.

உணர்ச்சி ஏன் போகிறது? 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் உறைச் செல்களுக்குள் குடியிருக்கிறது. சூடு இதற்கு ஆகாது. உடலின் உள்வெப்பம் 37 டிகிரி என்றால், இது விரும்புவது 30 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி. அதனால்தான் காது மடல், முழங்கை போன்ற குளிர்ந்த இடங்களில் அதிகமாகவும், அக்குள் போன்ற கதகதப்பான இடங்களில் அரிதாகவும் காணப்படுகிறது. ஒரு கிருமி இரண்டாகப் பிரிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு 20 நிமிடம் போதும். இவ்வளவு மெதுவாகப் பெருகுவதால், தொற்றியதிலிருந்து முதல் அடையாளம் தெரியச் சராசரியாக 5 ஆண்டு ஆகும், சிலருக்கு 20 ஆண்டுகூட ஆகலாம்.

இதில் ஒரு முரண் உண்டு. நல்ல எதிர்ப்பு சக்தி உள்ளவருக்குப் படைகள் ஒன்றிரண்டுதான் இருக்கும், அவற்றில் உணர்ச்சி அடியோடு போயிருக்கும். கிருமியை எதிர்த்து உடல் நடத்தும் போரில் நரம்பும் சேர்ந்தே சிதைகிறது. எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கோ தோலெங்கும் கிருமி நிறைந்திருக்கும், ஆனால் படைகளில் தொடு உணர்வு நெடுநாள் இருக்கக்கூடும். பேனா சோதனையை மட்டும் நம்பினால் இவரது நோய் கண்ணில் படாமல் தப்பிவிடும். அதனால் காது மடலை ரத்தம் விலகி வெளுக்கும்படி விரலால் அழுத்திப் பிடித்து, சிறு கீறல் போட்டு, சுரண்டியெடுத்த நீரைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். கிருமியின் மெழுகு உறை சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். அமிலத்தால் கழுவினாலும் நுண்ணோக்கியில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும்.

முழங்கையின் உட்பக்க எலும்பையொட்டி ஓடும் நரம்பு கயிறுபோல் தடித்திருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்பார்கள். அது கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போகும். விரல்கள் தாமே அழுகி விழுகின்றன என்று பலகாலம் நம்பினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946இலிருந்து பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், அப்படியல்ல என்று காட்டினார். சுடுசட்டியைப் பிடித்தாலும் வலிப்பதில்லை, முள் குத்தினாலும் தெரிவதில்லை. கவனிக்கப்படாத அந்தக் காயங்களே விரல்களைத் தின்றன. வலிதான் நம்மை மருத்துவரிடம் இழுத்துப் போகிறது. இந்த நோய் அந்த வலியையே எடுத்துவிடுகிறது என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது.

சிகிச்சை எளிது, இலவசம். ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் ஆகிய மூன்றும் 28 நாள் மாத்திரை அட்டையாக வருகின்றன. படை 5 வரை என்றால் 6 மாதம். அதற்கு மேலோ, காது மடல் சோதனையில் கிருமி தெரிந்தாலோ 12 மாதம். ரிஃபாம்பிசின் விழுங்கிய நாளில் சிறுநீர் சிவக்கும், பயப்பட வேண்டாம். முதல் வேளையே உயிருள்ள கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். பிறரைத் தொற்றும் ஆபத்து விரைவிலேயே நீங்குவதால், யாரையும் வீட்டை விட்டு ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் எத்தனையோ பேர் சட்டைக்குள் மறைத்து வருடங்களை இழக்கிறார்கள்.

இடையில் படைகள் திடீரென்று சிவந்து வீங்கினாலோ நரம்பு வலித்தாலோ, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தாமாக நிறுத்திவிடக் கூடாது. செத்த கிருமிகளின் மிச்சத்தோடுகூட உடல் சண்டையிடும். அன்றே போய்க் காட்டினால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தந்து நரம்பைக் காப்பாற்ற முடியும். ஆறு மாதத்துக்குள் வந்த உணர்ச்சிக் குறைவு பலருக்குத் திரும்புகிறது.

ஒருவருக்கு உறுதியானதும் வீட்டில் இருப்பவர்களையும் அழைத்துப் பார்ப்பார்கள். நோயில்லாதவர்களுக்குத் தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் தருவார்கள். குழந்தைகளின் சட்டையைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பி நிறுத்தி முதுகையும் பார்க்க வேண்டும். முதுகில் அரிக்காமல் இருக்கும் படையைப் பற்றி எந்தக் குழந்தையும் அம்மாவிடம் சொல்லாது.