கேஸ் ஸ்டடி: வழக்கு ஆய்வா, நேர்வாய்வா?

உயர்நிலை நான்கில் படிக்கும் என் மகள் வரலாற்றுத் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். கடிதம், கேலிச்சித்திரம், உரை என்று சில சான்றுகளைக் கொடுத்து, எதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பார்களே, அந்தப் பகுதி. அதன் பெயரிலேயே 'கேஸ் ஸ்டடி' இருக்கிறது. குறிப்பிட்ட ஒன்றை எடுத்து ஆழமாக ஆராய்வதற்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். "அப்பா, இதைத் தமிழ்ல வழக்கு ஆய்வுன்னு சொல்லலாமா?" என்றாள். கூடாது என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று விளக்கத்தான் நேரம் பிடித்தது.

லத்தீனில் 'காதெரே' என்றால் விழுதல். அதில் பிறந்த 'காசுஸ்', விழுந்ததையும் நேர்ந்ததையும் சேர்த்தே குறித்தது. பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்தில் 'கேஸ்' ஆயிற்று. மருத்துவர் பார்க்கும் நோயாளி, நீதிமன்றம் ஏறும் தகராறு, இலக்கணத்தில் நாம் வேற்றுமை என்பது எல்லாம் இந்த ஒரே வேரில் வந்தவை. சூட்கேஸில் உள்ள கேஸ் மட்டும் வேறு குடும்பம். பெட்டியைக் குறிக்கும் 'காப்சா' அதன் மூலம். தமிழில் எழுதினால் சமையல் எரிவாயுவும் கேஸ்தான். இத்தனை நெரிசலில் ஆய்வுக்கென்று ஒரு தனிச்சொல் கட்டாயம் வேண்டும்.

கல்வியியல், உளவியல் நூல்களில் 'தனியாள் ஆய்வு' என்று எழுதுகிறார்கள். ஒரு மாணவரைப் பற்றியதென்றால் சரி, ஒரு போரையோ உடன்படிக்கையையோ தனியாள் என்பது எப்படி? இலங்கை வழக்கான 'விடய ஆய்வு' எனக்கு மிகவும் அகலமாகப் படுகிறது. எந்த ஆய்வுக்குத்தான் விடயம் இல்லை?

நான் கைக்கொள்வது 'நேர்வாய்வு'. விபத்து நேர்ந்தது என்கிறோம். தமிழக அரசுக் கோப்புகளில் 'இந்நேர்வில்' என்று எழுதுகிறார்கள். லத்தீன் வேரின் பொருளும் இதில் அப்படியே கிடைக்கிறது.

'நிகழ்வு' போதாதா என்று கேட்கலாம். அனைத்துலக உறவுகள் படிப்பவர்கள் இத்தகைய ஆய்வை "இது எதன் நேர்வு?", அதாவது எந்த வகை நிகழ்வுக்கு இது ஓர் எடுத்துக்காட்டு, என்ற கேள்வியோடு தொடங்குவார்கள். அதற்குப் பதில் கிடைக்கும்வரை கையில் இருப்பது வெறும் நிகழ்வு.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்குப் பக்கத்திலேயே பெட்ரா பிராங்கா இருக்கிறது. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851 முதல் நிற்கும் சின்னஞ்சிறு பாறைத்தீவு. 1979இல் மலேசியா வெளியிட்ட வரைபடம் அதைத் தன் எல்லைக்குள் காட்டியது. சிங்கப்பூரும் மலேசியாவும் இந்தத் தகராறை 2003இல் அனைத்துலக நீதிமன்றத்திடம் ஒப்படைத்தன. 2008 மே 23 அன்று 12க்கு 4 என்ற கணக்கில் தீவு சிங்கப்பூருக்கு என்று தீர்ப்பு வந்தது. அருகிலுள்ள மிடல் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்குப் போயின. தீவுக்கு ஜொகூர் (இன்று மலேசியாவின் ஒரு மாநிலம்) உரிமை கோரவில்லை என்று அதன் தற்காலிக மாநிலச் செயலாளர் 1953இல் எழுதிய கடிதம் தீர்ப்பில் பெரிய எடை பெற்றது.

தீவு யாருக்கு என்பது வழக்கு. அண்டை நாடுகள் ஏன் இதைத் தங்களுக்குள் இழுத்துக்கொண்டே போகாமல் மூன்றாமவரிடம் கொடுத்தன என்று கேட்டால், அதே தீவு ஒரு நேர்வு ஆகிறது. அப்புறம் அதன் அருகில் இன்னொன்றை வைக்கலாம். லிகித்தான், சிப்பாடான் தீவுகளுக்காக இந்தோனேசியாவும் மலேசியாவும் அதே நீதிமன்றத்துக்குப் போயின. 2002இல் மலேசியா வென்றது. இரண்டு நேர்வுகளிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்க வேண்டும் என்று முறை வகுத்தவர் அமெரிக்க அரசியல் அறிஞர் அலெக்சாண்டர் ஜார்ஜ், 1979இல்.

இந்த இரண்டோடு நிறுத்தினால் நீதிமன்றம் போனால் சண்டை தீரும் என்று முடிவுகட்டத் தோன்றும். தாய்லாந்து-கம்போடிய எல்லையில் உள்ள பிரேயா விஹியர் கோயில் கம்போடியாவுக்கே என்று 1962இலேயே அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் 2008 முதல் 2011 வரை தாய்லாந்துப் படைகளும் கம்போடியப் படைகளும் அங்கே சுட்டுக்கொண்டன. தனக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்குவதுதான் இந்த முறையின் பெரிய ஆபத்து. அதனால் எந்த நேர்வுகளை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று ஒவ்வோர் ஆய்வேடும் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

ஒரே நேர்வு போதும் என்ற கட்சியும் உண்டு. அமெரிக்க அரசியல் அறிஞர் கிரஹாம் அலிசன் 1962 கியூபா ஏவுகணை நெருக்கடி ஒன்றையே எடுத்து, கணக்குப் பார்த்துச் செயல்படும் அரசு, பழகிய நடைமுறைப்படி இயங்கும் அமைப்புகள், தமக்குள் பேரம் பேசும் தலைவர்கள் என மூன்று கோணங்களில் விளக்கினார்.

காரணத்திலிருந்து விளைவு வரை படிப்படியாகப் பின்தொடரும் வேலையை நான் 'தடமறிதல்' என்று எழுதிவருகிறேன். 1953 கடிதத்தை யார் கேட்டார், ஏன் கேட்டார், பதில் வந்த பிறகு என்ன செய்தார் என்று தேடிப்போவது அந்த வேலைதான். மகளிடம் இதைச் சொன்னபோது, "அந்தக் கடிதத்தை நான் படிக்க முடியுமா?" என்றாள்.