கண்புரை ஆபரேஷன் லென்ஸ்: ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசில எவ்ளோ கிடைக்கும், எங்க மாட்டிக்குவோம்

2020 ஏப்ரல்ல, இன்சூரன்ஸ் கம்பெனிகள ஒழுங்குபடுத்துற ஐஆர்டிஏஐ கொண்டு வந்த மெடிக்கல் பாலிசி இது, எந்தக் கம்பெனில எடுத்தாலும் விதி ஒண்ணுதான். பென்ஷன் காசுல பிரீமியம் கட்டின பெரியவங்க, கண்ணுல கட்டோட பில்லிங் கவுண்டர்ல மகனுக்கு போன் போட்டு "இன்னும் பணம் கேக்குறாங்கப்பா"ன்னு சொல்றத பாத்தா வயிறு எரியுது, அதான் எழுதுறேன்.

ஒரு கண்ணுக்கு 40,000னு ஏஜென்ட் சொல்லியிருப்பார். ஆனா விதி, காப்பீட்டுத் தொகையில 25 சதவீதம் இல்லேன்னா 40,000, இதுல எது கம்மியோ அது. 1 லட்ச ரூபா பாலிசின்னா 25,000தான், அதுலயும் 5 சதவீதம் நம்ம கைக்காசு. சரி இப்பவே 3 லட்சமா ஏத்திக்கலாம்னு போனா, ஏத்தின தொகைக்கு, கண்புரைக்குன்னு இருக்குற 24 மாச காத்திருப்பு முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். ரினியூவல விட்டு பாலிசி அறுந்தாலும் அதே கதிதான்.

அடுத்து, கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ். கவுன்சிலிங் ரூம்ல ரேட் கார்ட நீட்டி "சாதா, பிரீமியம், வெளிநாடு"ன்னு சொல்லுவாங்க, எதுல செஞ்சதுன்னு நாமளா கேட்டாத்தான் வாயத் திறப்பாங்க. பிஎம்எம்ஏ மடங்காத பிளாஸ்டிக், கீறல் பெருசா போடணும், ஆனா கண்ணு ஏத்துக்குற பொருள்தான். போர் விமான மூடியோட இதே பிளாஸ்டிக் சில்லு பைலட் கண்ணுல தங்கியும் பெருசா தொந்தரவு பண்ணலன்னு கவனிச்சு, 1949ல லண்டன்ல டாக்டர் ரிட்லி வச்ச முதல் லென்ஸே இதுலதான் செஞ்சது. மடக்குற அக்ரிலிக்ல ரெண்டு வகை. தண்ணி உறிஞ்சாத ஹைட்ரோஃபோபிக்ல, லென்ஸுக்குப் பின்னாடி இருக்குற சவ்வு மங்கி, அதுல துளை போடுற யாக் லேசர் வரைக்கும் போறது பொதுவா குறைவு. தண்ணி பிடிக்கிற ஹைட்ரோஃபிலிக்ல சில கண்ணுல கால்சியம் படியும், முக்கியமா அப்புறமா கண்ணுக்குள்ள கேஸ் அடைக்கிற ஆபரேஷன் நடந்தா. சுகர்னால விழித்திரை பாதிச்சவங்களுக்கு அந்த ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால அவங்க இத டாக்டர்கிட்ட நேரா கேக்கணும்.

பெரிய பொறி மல்டிஃபோக்கல். அது மெட்டீரியலே இல்ல, கண்ணாடி போடாம கிட்டயும் தூரமும் தெரியுறதுக்கான டிசைன். "நல்ல மெட்டீரியல் வேணும்"னு நாம கேட்டா அத தலையில கட்டிடுவாங்க, கம்பெனியோ "இது கண்ணாடி பவர் சரி பண்றது"ன்னு வெட்டிடும். 'மோனோஃபோக்கல் (ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவா தெரியுறது), ஹைட்ரோஃபோபிக்'னு எழுதி, லென்ஸுக்குத் தனி, ஆபரேஷனுக்குத் தனின்னு எஸ்டிமேட் வாங்குங்க, வாய்ப்பேச்ச நம்பாதீங்க.

லென்ஸ் டப்பா மேல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், மாடல், பவர், சீரியல் நம்பர், எக்ஸ்பைரி எல்லாம் அதுலதான். டிஸ்சார்ஜ் சம்மரில ஒட்டியிருக்கான்னு பாத்துட்டே கிளம்புங்க, அப்புறம் போனா கிடைக்குறது கஷ்டம். லென்ஸ் பில், லென்ஸ் பவருக்காக கண்ண அளக்குற ஏ-ஸ்கேன் ரிப்போர்ட்டும் கைல வேணும். "ஒரு நாள் கூட அட்மிட் ஆகல"ன்னு யாராவது கிளைம மறுத்தா அசராதீங்க, கண்புரை டே கேர்ல வரும், 24 மணி நேரம் படுக்கத் தேவையில்ல.

மறுப்ப போன்ல சொன்னா ஒத்துக்காதீங்க, எழுத்துல கேளுங்க. கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில் போட்டு ஒரு மாசம் பதில் இல்லேன்னாலோ பதில் சரியில்லேன்னாலோ இன்சூரன்ஸ் புகார விசாரிக்கிற சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போலாம். ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம், ஆனா ஒரு வருஷத்துக்குள்ள போயிடணும்.