இரட்டை இன்ஜின் பயிற்சிக்கு விமானம் தேர்ந்தெடுக்கும் முன்

வணிக விமானி உரிமத்துக்கான பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இரட்டை இன்ஜின் தகுதி பெற வரும் மாணவர்கள், விமானத்தின் வேகத்தையும் விமானி அறையின் மின்னணுத் திரைகளையும் மணிக்கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள். பயிற்றுநராக நான் முதலில் பார்ப்பது வேறு: ஓர் இன்ஜின் நின்றுவிட்டால் அந்த விமானம் அன்றைய எடையோடும் வெயிலோடும் எவ்வளவு ஏறும், அந்தச் சில விநாடிகளில் மாணவரின் கைகால்களுக்கு அது எதைப் பழக்கும்?

இரண்டில் ஒன்று நின்றால் பாதி ஆற்றல் மிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் மட்டமாகப் பறக்கத் தேவையானது போக மிஞ்சுவதே விமானத்தை உயர்த்துவதால், ஏறும் திறனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பறிபோகிறது. தலா 180 குதிரைத்திறன் கொண்ட இரண்டு லைகாமிங் இன்ஜின்களுள்ள பைப்பர் செமினோல், முழு எடையில், கடல்மட்டத்தில், 15 பாகை வெப்பத்தில்கூட ஒற்றை இன்ஜினில் நிமிடத்துக்குச் சுமார் 200 அடிதான் ஏறும். 1,000 அடி உயரத்திலுள்ள ஓடுதளத்தில் 40 பாகை வெயில் அடித்தால், அங்குள்ள காற்று 4,000 அடிக்கு மேல் இருக்கும் காற்றைப் போல மெலிந்துவிடும். அந்த 200 அடியும் ஏறக்குறைய இல்லாமல் போகும். இத்தகைய சிறு விமானங்கள் சான்று பெற்ற காலத்து அமெரிக்க விதிகள், அவை ஒற்றை இன்ஜினில் ஏறியே ஆகவேண்டும் என்று கோரவும் இல்லை. ஆகவே விமானக் கையேட்டிலுள்ள ஏறும் திறன் அட்டவணையை மே மாதப் பிற்பகலுக்குக் கணக்கிட்டுக் காட்டும்படி பள்ளியிடம் கேளுங்கள்.

அடுத்தது, ஒற்றை இன்ஜினில் திசையைக் கட்டுப்படுத்தக்கூடிய மிகக் குறைந்த வேகம். வேகமானியில் சிவப்புக் கோடாக இருப்பது அது. 1960களில் பைப்பர் ட்வின் கோமாஞ்சியில், இந்த வேகம்வரை மெதுவாக்கிக் காட்டும் பயிற்சியின்போதே பல உயிர்கள் போயின. உயரம் கூடக் கூட இன்ஜினின் ஆற்றல் குறைவதால் இந்த வேகம் இறங்கும். இறக்கை தூக்கும் விசையை இழக்கும் ஸ்டால் வேகமோ, வேகமானி காட்டும் அளவில் இறங்காது. இரண்டும் நெருங்கும் இடத்தில், ஒரு பக்கம் முழு ஆற்றல் இழுத்துக்கொண்டிருக்க விமானம் ஸ்டால் ஆனால், அது சுழன்று விழும் அபாயம் பெரிது. செமினோல், பீச்கிராஃப்ட் டச்சஸ், செனெக்கா ஆகியவற்றின் ப்ரொப்பெல்லர்கள் எதிரெதிர்த் திசையில் சுழல்வதால் எந்தப் பக்க இன்ஜின் நின்றாலும் பாதிப்பு ஏறத்தாழ ஒன்றே. இது நல்ல வசதி. இந்த அபாயத்தை மட்டும் அது நீக்காது.

சிறு விமானங்களுக்கான பெட்ரோலாகிய ஆவ்கேஸ் விலை உயர்ந்ததாகவும் எளிதில் கிடைக்காததாகவும் இருக்கும் நம் நாட்டில், ஜெட் எரிபொருளில் ஓடும் டயமண்ட் டிஏ42 பரவியது இயல்பே. ஃபுர்சத்கஞ்சிலுள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியிலும் அதுவே பறக்கிறது. இன்ஜினுக்கு ஒரே நெம்புகோல். மாஸ்டர் சுவிட்சை அணைத்தால் ப்ரொப்பெல்லர் தானே ஃபெதர் ஆகிவிடும், அதாவது காற்றைத் தடுக்காதபடி அதன் தகடுகள் திரும்பிவிடும். ஆனால் அதில் மட்டுமே பழகிய ஒரு மாணவர், பிறகு என்னுடன், ஒவ்வோர் இன்ஜினுக்கும் த்ராட்டில், ப்ரொப்பெல்லர், எரிபொருள் கலவை என மூன்று நெம்புகோல்கள் உள்ள விமானத்தில் பறந்தபோது, இடது இன்ஜின் நின்றதுபோல நான் அதன் த்ராட்டிலைக் குறைத்ததும், எந்தக் கால் மிதிக்காமல் ஓய்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு அந்தப் பக்கத்தைச் சரியாக அடையாளம் கண்டார். கையோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது இன்ஜினின் ப்ரொப்பெல்லர் நெம்புகோலுக்குப் போனது. 5,000 அடியில் இருந்ததால் தடுக்க நேரம் இருந்தது. நேராக ஏர்பஸ்ஸுக்குப் போகிறவருக்கு இது பெரிய குறையல்ல. சிறு விமானங்களில் வாடகைப் பறப்புக்குப் போகிறவர் சில மணி நேரமாவது மூன்று நெம்புகோல்களோடு பழக வேண்டும் என்பது என் கருத்து.

டிஏ42இன் இன்ஜின்களை மின்சாரத்தில் இயங்கும் கணினிகளே கட்டுப்படுத்துவதால், மின்சாரத்தையும் இன்ஜினின் ஓர் உறுப்பாகவே கருத வேண்டும். 2007இல் ஜெர்மனியின் ஸ்பையரில், பேட்டரி தீர்ந்த நிலையில் வெளி மின்சாரத்தால் இயக்கப்பட்ட ஒன்று, மேலெழுந்து சக்கரங்களை மடக்கியதும் மின்னழுத்தம் சரிந்து இரண்டு இன்ஜின்களும் நின்றுபோயின.

வானில் ஓர் இன்ஜினை உண்மையாகவே நிறுத்தி, மீண்டும் இயக்கிக் காட்டுவார்களா என்றும் கேளுங்கள். ஃபெதரிலிருந்து ப்ரொப்பெல்லரை மீட்கும் அழுத்தச் சேமிப்புக் கலமான அக்யுமுலேட்டர் மாதக்கணக்கில் பழுதாகிக் கிடந்ததால்தான் ஒரு பள்ளியில் அந்தப் பாடமே நடக்கவில்லை. அந்த விமானத்தில் கற்பிக்க நான் மறுத்துவிட்டேன்.