இ.பி.ஏ.பி.எக்ஸ்.: தமிழில் என்ன பெயர் சொல்வது?

ஒரு கட்டடத்தில் போன் வேலை முடிந்து, உள்ளே இருக்கும் போன்களை ஒன்றோடொன்றும் வெளி லைனோடும் இணைக்கச் சுவரில் மாட்டிய அந்தப் பெட்டியைக் காட்டி இதற்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒரு பதில் வரும். வயர் இழுத்தவர் எக்ஸ்சேஞ்ச் என்பார். மேசையில் உட்கார்ந்து பேசுபவர் இன்டர்காம் என்பார். விலைப்பட்டியல் போடுபவர் இ.பி.ஏ.பி.எக்ஸ். என்று எழுதுவார், கணினிப் பக்கமிருந்து இந்த வேலைக்கு வந்தவர் அதையே பி.பி.எக்ஸ். என்று சுருக்கிவிடுவார். நான்கும் ஒரே பெட்டிதான். இன்டர்காம் என்பது மட்டும் கொஞ்சம் பிசகு, ஏனென்றால் வெறும் இன்டர்காமில் உள்ளுக்குள்தான் பேச முடியும், இந்தப் பெட்டியோ வெளியுலகத்தோடும் பேச வைக்கிறது. மற்ற மூன்றுக்கும் நல்ல தமிழ்ச்சொல் ஒன்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருக்கிறது. ஆனால் அகராதியில் இருக்கும் வடிவத்தை அப்படியே எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

முதலில் அந்த எழுத்துகளைப் பிரித்துவிடுவோம். எலக்ட்ரானிக், பிரைவேட், ஆட்டோமேட்டிக், பிராஞ்ச், எக்ஸ்சேஞ்ச். இந்த ஐந்து சொல்லும் ஒரே நாளில் சேர்ந்தவை அல்ல. தொடக்கத்தில் பி.பி.எக்ஸ். மட்டும்தான் இருந்தது, அதாவது ஓர் அலுவலகம் தனக்கென்று வைத்துக்கொண்ட சின்ன இணைப்புப் பலகை, அதன் முன்னால் உட்கார்ந்து கயிறு கயிறாகச் செருகிக்கொண்டிருந்த ஓர் ஆள். பிறகு ஆள் இல்லாமல் தானாக இணைக்கும் இயந்திரம் வந்ததும் அதைப் பிரித்துக் காட்ட நடுவில் ஓர் ஏ சேர்த்தார்கள். அப்புறம்தான் பழையதற்கே புதுப் பெயர் தேவைப்பட்டது, ஆள் வைத்து இயக்குவது என்று சொல்ல அங்கே ஓர் எம் நுழைந்தது. அதுவரை எந்திரக் கைகள் நகர்ந்து செய்த வேலையை மின்னணுச் சுற்றுகள் எடுத்துக்கொண்டபோது முன்னால் இ வந்து உட்கார்ந்தது. இன்று ஆள் செருகும் பலகையும் இல்லை, எந்திரக் கையும் இல்லை. எதிலிருந்து பிரித்துக் காட்ட அந்த இ-யும் ஏ-யும் வந்தனவோ அது போய்விட்டது, எழுத்து மட்டும் நிற்கிறது. ஆகவே தமிழில் ‘மின்னணு’, ‘தானியங்கி’ என்ற இரண்டையும் சுமக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

மிச்சம் மூன்று. அதில் எக்ஸ்சேஞ்ச் என்பதிலிருந்து தொடங்குகிறேன். லத்தீனில் பண்டமாற்றைக் குறித்த ஒரு வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. வணிகர்கள் கூடிக் கொடுக்கல் வாங்கல் செய்யும் இடத்துக்கும் அதே பெயர் வந்தது. தொலைபேசி வந்தபோது கம்பிகள் எல்லாம் வந்து கூடும் இடத்துக்கு அந்தச் சந்தைப் பெயரையே வைத்தார்கள். 1878 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஜார்ஜ் காய் என்பவர் திறந்ததுதான் முதல் வணிகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச், 21 சந்தாதாரர்கள். இந்த 21 என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள், நடுவில் ஓர் இடம் இல்லாமல் 21 பேரும் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேச வேண்டும் என்றால் 210 தனித்தனிக் கம்பி இழுக்க வேண்டும். நடுவில் ஒரு பலகை வைத்தால் ஆளுக்கு ஒன்றாக 21 தடம் போதும். எக்ஸ்சேஞ்சின் மொத்த இரகசியமும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

அங்கே எதுவும் பரிமாறிக்கொள்ளப்படவில்லை, இரண்டு கம்பிகள் இணைக்கப்பட்டன, அவ்வளவுதான். அதனால்தான் எக்ஸ்சேஞ்ச் என்றதும் ‘பரிமாற்றம்’ என்று எழுதுவது எனக்கு ஒட்டவே இல்லை. தமிழில் ‘இணைப்பகம்’ என்று ஆக்கியவர்கள் ஆங்கிலச் சொல்லைப் பார்க்கவில்லை, வேலையைப் பார்த்திருக்கிறார்கள். இணைப்பு, அதோடு அகம். நூலகம், மருந்தகம், பதிப்பகம் என்று ஏற்கெனவே நாக்குக்குப் பழகிய அமைப்பு. இணை என்றால் சோடி என்றும் பொருள், சேர் என்றும் பொருள், ஒரு சமயத்தில் இரண்டு முனைகளைச் சேர்க்கும் பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. இப்போது இதே வேலை இணையம் வழியாக, வெறும் மென்பொருளாகவே நடக்கிறது. மார்க் ஸ்பென்சர் 1999-இல் எழுதத் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் என்ற திறந்த மூல மென்பொருளை ஒரு சாதாரணக் கணினியில் போட்டால் அந்தக் கணினியே எக்ஸ்சேஞ்ச் ஆகிவிடும். இணைப்பகமும் இணையமும் ஒரே வேரில் வந்த சொற்கள் என்பதால் தமிழில் அந்த மாற்றத்துக்குச் சொல்லே முன்கூட்டித் தயாராக இருந்தது போல ஆகிவிட்டது.

சரி, பிரைவேட். இதில்தான் அகராதியோடு எனக்குச் சண்டை. ‘தனியார் கிளை இணைப்பகம்’ என்று எழுதுகிறார்கள். தனியார் என்றால் இன்று நம் காதில் விழுவது அரசு அல்லாதது என்ற பொருள். ஓர் அரசு மருத்துவமனையில் இந்தப் பெட்டியை மாட்டினால் அது தனியார் இணைப்பகம் ஆகிவிடுமா? இங்கே பிரைவேட் என்பதற்குப் பொருள் ஊருக்குப் பொதுவானது அல்ல, இந்தக் கட்டடத்துக்கே உரியது என்பதுதான். அந்தப் பொருளைக் ‘கிளை’ என்ற சொல்லே கொடுத்துவிடுகிறது, ஊர் இணைப்பகத்தின் ஒரு கிளை இங்கே இருக்கிறது என்று. எனவே என் கணக்கில் ‘கிளை இணைப்பகம்’ என்ற இரண்டு சொல் போதும்.

கிளையை ஏன் விட மனமில்லை என்றால், இந்தத் தொழிலின் ஆங்கிலச் சொற்களில் பாதி மரத்திலிருந்து வந்தவை. பிராஞ்ச் கிளை. வெளியிலிருந்து வரும் லைனைக் குறிக்கும் டிரங்க் அடிமரம், அதாவது கிளைகளுக்கெல்லாம் மூலமான தண்டு. தொழில்காரர்கள் மொத்தக் கருவியையும் சுவிட்ச் என்று சொல்வார்கள் அல்லவா, அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பழைய பொருள் வளைந்து கொடுக்கும் மெல்லிய குச்சி, நம் ஊர்ச் சொல்லில் மிலாறு. பிறகு ரயில் தண்டவாளத்தைப் பிரித்துவிடும் நெம்புகோலுக்குப் போய், அங்கிருந்து மின்சாரத்துக்கு வந்தது. லைன் என்பதுகூட ஆளிச்செடியின் நாரில் திரித்த நூலைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். தமிழில் கிளை என்றால் உறவு என்றும் பொருள் உண்டு, கிளைஞர் என்றால் சுற்றத்தார். ஒரே கட்டடத்துக்குள் இருப்பவர்கள் பேசிக்கொள்ள வைத்த பெட்டிக்கு அந்தப் பொருளும் சேர்ந்தே வருவது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் டிரங்கை மட்டும் அடிமரம் என்று மொழிபெயர்க்க மாட்டேன். டிரங்குப் பெட்டி, டிரங்க் கால் என்று அந்த ஒலிக்கு நம்மிடம் வேறு நினைவுகள் இருக்கின்றன (டிரங்குப் பெட்டியும் இதே சொல்தான், மரத்தண்டைக் குடைந்து செய்த பெட்டி). வேலை நடக்கும் இடத்தில் “வெளி லைன் எத்தனை, உள் லைன் எத்தனை?” என்றுதான் கேட்பார்கள். அதை அப்படியே பிடித்து வெளித்தடம், உள்தடம் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எக்ஸ்டென்ஷன் என்பதற்கு ‘நீட்டிப்பு’ என்று எழுதுவதும் சரியில்லை. ஒரு காலத்தில் ஒரே லைனைக் கம்பி போட்டு அடுத்த அறைக்கு நீட்டிய இரண்டாவது போனுக்கு வைத்த பெயர் அது. இன்றைய பெட்டியில் ஒவ்வொரு போனுக்கும் தனித் தடம், தனி எண், எதுவும் நீட்டப்படவில்லை. கிளை எண் என்று சொல்லலாமா என்றால் வங்கிக் கிளை எண்ணோடு குழம்பும். ‘உள் எண்’ என்பதே போதும்.

இந்த வெளி, உள் வேறுபாடு வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. பெட்டியைத் திறந்தால் இரண்டுக்கும் செருகும் துளை பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் உள்தடத் துளை மின்னழுத்தத்தைக் கொடுக்கும், போனை உயிரோடு வைத்திருப்பதும் மணி அடிக்க வைப்பதும் அதுதான். வெளித்தடத் துளை அதைக் கொடுக்காது, ஊர் இணைப்பகம் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும், அங்கிருந்து வருவது வழக்கமாக 48 வோல்ட். வெளியிலிருந்து வரும் கம்பியைத் தெரியாமல் உள்தடத் துளையில் செருகினால் கொடுக்கும் இரண்டு முனைகள் நேருக்கு நேர் நிற்கும், டயல் டோன் வராது, மணி வரும் நேரத்தில் அந்தத் துளைக்குப் பின்னால் இருக்கும் சுற்று கெட்டுப்போகவும் கூடும். துளைக்கு மேலே ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கம் அச்சிட்டிருப்பதைவிட ‘வெளி’, ‘உள்’ என்று இரண்டு சொல் இருந்தால் எத்தனை பேருக்கு இந்தச் சங்கடம் மிச்சமாகும்.

நிறுவுதல், அமைத்தல் என்ற இரண்டையும் பலர் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள், அதையும் பிரித்துவிடலாம். நிறுவுவது என்றால் நிற்க வைப்பது: பெட்டியை மாட்டுவது, எர்த் கொடுப்பது, ஜோடி ஜோடியாகக் கம்பியைக் கொண்டுவந்து குரோன் டூல் என்ற செருகு கருவியால் அழுத்தி உட்கார வைப்பது. அமைப்பது அதற்குப் பிறகு, எந்த எண்ணை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்லிக் கொடுப்பது. முதல் வேலையில் தவறு செய்தால் உடனே தெரிந்துவிடும், இரண்டாவதில் செய்த தவறு ஒரு வாரம் கழித்துத்தான் பிடிபடும். நான் ஒரு முறை 10 முதல் 99 வரை உள் எண்களாகக் கொடுத்துவிட்டு, வெளித்தடம் பிடிக்க 9 என்று வைத்துவிட்டேன். 9 அழுத்தியதுமே பெட்டி வெளித்தடத்தைக் கொடுத்துவிடும், அடுத்த எண்ணுக்குக் காத்திருக்காது. ஆகவே 90-இலிருந்து 99 வரை இருந்த பத்து போனும் ஒரு நாளும் மணி அடிக்கவில்லை. கம்பியைத்தான் நெடுநேரம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், கம்பியில் ஒரு குறையும் இல்லை. அதிலிருந்து உள் எண்ணை 2-இல் தொடங்கி மூன்று இலக்கமாகத்தான் கொடுக்கிறேன், 1-இல் தொடங்கினால் பல நாடுகளில் அவசர எண்ணாக இருக்கும் 112 போன்றவற்றோடு மோதும்.

பழைய கயிற்றுப் பலகையின் சொற்கள் இன்றைக்கும் இந்த வேலையில் உயிரோடு இருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். ஒரு ஜோடிக் கம்பியில் ஒன்றை டிப் என்றும் இன்னொன்றை ரிங் என்றும் சொல்கிறோம். ரிங் என்றதும் மணி என்று நினைத்துவிடுவார்கள், மணிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆபரேட்டர் கையில் பிடித்திருந்த செருகியின் கூர்முனை டிப், அதற்குக் கீழே சுற்றியிருந்த உலோக வளையம் ரிங். முனைக்கம்பி, வளையக்கம்பி என்று தமிழில் சொன்னால் அந்தக் குழப்பமே வராது.

ஃபிளாஷ் பொத்தான் இன்னும் அழகான கதை. பேசிக்கொண்டிருக்கும் அழைப்பை அடுத்தவருக்கு மாற்றிவிட அழுத்துகிறோமே, அது. அந்தக் காலத்தில் போன் தாங்கியை ஒரு முறை தட்டினால் ஆபரேட்டர் முன்னால் இருந்த சின்ன விளக்கு மின்னி மறையும், என்னைக் கவனி என்று கூப்பிடுகிற மாதிரி. விளக்கும் போய் ஆபரேட்டரும் போன பிறகும் பெயர் மட்டும் பொத்தானில் ஒட்டிக்கொண்டது. உண்மையில் இப்போது அது செய்வது லைனை ஒரு கணம் துண்டித்துச் சேர்ப்பது. சில போன்களில் அந்தக் கணம் 100 மில்லி வினாடி, சிலவற்றில் 600. பெட்டியில் வைத்திருக்கும் அளவைவிடப் போன் நீளமாகத் துண்டித்தால் கீழே வைத்துவிட்டார்கள் என்று பெட்டி முடிவு கட்டி அழைப்பையே வெட்டிவிடும், “மாத்தி விட்டா கட் ஆகுது சார்” என்று வரும் புகாரில் பெரும்பாலும் இதுதான் காரணம். இதற்குச் ‘சிமிட்டல்’ என்று பெயர் வைக்கலாம். கண்ணும் சிமிட்டும், விளக்கும் சிமிட்டும், அளவுக்கு மேல் மூடியிருந்தால் அது சிமிட்டல் இல்லை, தூக்கம் என்பது சொல்லிலேயே புரிந்துவிடும்.

காலியான லைனைப் பெட்டி தானே தேடிப் பிடிக்கும் ஹன்டிங்கை வேட்டை என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891-இல் காப்புரிமை பெற்ற தானியங்கி முறையில் உலோகக் கை ஒன்று படிப்படியாக ஏறித் திரும்பித் தொடுமுனையைத் தேடிப் போய் நிற்கும். அவர் ஈமச்சடங்கு ஏற்பாடு செய்யும் தொழிலில் இருந்தவர், ஆபரேட்டர் தன் அழைப்புகளைப் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகம்தான் அவரை இதில் இறக்கியதாகச் சொல்வார்கள். அந்த வழியில் வந்த எக்ஸ்சேஞ்சுகளில் கை ஒவ்வொரு தடமாகத் தொட்டுக் காலியானதைத் தேடுவதைத்தான் ஹன்டிங் என்றார்கள். ‘தடம் தேடல்’ என்றால் முடிந்தது.

கடைசியாகக் கால் ரூட்டிங். வழிப்படுத்துதல் என்று எழுதலாம், தவறே இல்லை. ஆனால் பரிசு பெற்று வந்த பாணன் ஒருவன், வழியில் எதிர்ப்பட்ட இன்னொருவனுக்கு இன்ன வழியில் போ, இன்னாரைப் பார் என்று சொல்லி அனுப்புவதை ஆற்றுப்படுத்துதல் என்றார்கள், ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையே அதில் பிறந்தது. ஆறு என்றால் வழி. உள்ளே வந்த அழைப்புக்கு ‘விற்பனைக்கு 1, சேவைக்கு 2’ என்று சொல்லி உரிய ஆளிடம் அனுப்பிவைக்கும் அந்தப் பதிவுக்குரல் செய்வது அச்சாக அதே வேலை. இன்று ஆற்றுப்படுத்துதல் மனநல ஆலோசனைக்கு ஆகிவந்துவிட்டது, ஆகவே பெட்டியின் கையேட்டில் ‘அழைப்பு வழிப்படுத்தல்’ என்றே எழுதுவேன்.

இப்போதெல்லாம் வேலை முடித்ததும் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டிவிடுகிறேன். மேலே ‘கிளை இணைப்பகம்’. கீழே வெளி 1, வெளி 2, வெளி 3, வெளி 4. அதற்கும் கீழே உள் 201-இலிருந்து 216 வரை, பக்கத்தில் எந்த அறை என்று. ஓரத்தில் சிமிட்டல் 600. ஒரு முறை எனக்குப் பின் பழுது பார்க்கப் போனவர் கூப்பிட்டார். 207 எந்த அறை என்று தாளிலேயே பார்த்துவிட்டாராம், வெளி 3-இல் மட்டும் ஏன் டோன் வரவில்லை என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார்.